எத்தனை வருடத்துக்கு ஒரு டோஸ்டர்

எங்கள் வீட்டின் மூன்றாவது டோஸ்டருக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும். பாண் துண்டுகளைப் போட்டுப் பிடியைக் கீழே அமுக்கினால் அது அங்கே நிற்காது. கையை எடுத்த உடனே மேலே வந்துவிடும், சூடும் நின்றுவிடும். அதனால் காலை ஐந்தே முக்கால் மணிக்குக் குசினி மேசைக்கு முன்னால் நின்று, பெருவிரலால் அந்தப் பிடியை அமுக்கிக்கொண்டிருப்பேன். ஒரு தரத்துக்கு இரண்டு துண்டு. மகளுக்கு இரண்டு, எனக்கு இரண்டு, அவளுடைய சாப்பாட்டுப் பெட்டிக்கு இரண்டு. ஒவ்வொரு தரத்துக்கும் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அவ்வளவு நேரமும் நான் கட்டிப்போட்ட மாடு.

அந்த நேரத்தில்தான் வீட்டில் எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். மகளுக்குப் பதின்மூன்று வயது. ஆறு பத்துக்கு ஸ்கூல் வேன் வந்து கோர்ன் அடிக்கும். இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்ட வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும், என்னிடம் இருப்பதோ ஒன்றுதான். அவளே பின்னிக்கொள்வாள். வலது பின்னல் காதுக்கு மேலே ஏறியிருக்கும், இடது பின்னல் கழுத்துக்குப் பின்னால் போயிருக்கும். அப்படியே வேனில் ஏறிப் போவாள். பள்ளிக்கூட வாசலில் மாணவத் தலைவி நிறுத்தி அவிழ்த்துக் கட்டச் சொல்லுவாளாம். என்னிடம் வந்து அதைக் குறையாகச் சொல்லமாட்டாள். அவள் குறை சொல்லாமல் இருப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்று அப்போது தெரியவில்லை.

பாண் இல்லாமல் வேறு செய்யக்கூடாதா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். இருட்டோடு எழுந்து மத்தியானத்துக்குச் சோறும் இரண்டு கறியும் ஆக்கிவிடுவேன். அதற்கு மேல் இடியப்பம் பிழிய எனக்குத் தெம்பு இல்லை. சாயந்தரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் திரீவீல் ஆட்டோவில் ஒரு இறாத்தல் வாங்கி வைத்தால், எங்கள் ஊர்க் குளிரில் விடிவதற்குள் அது விறைத்துப் போகும். வாட்டினால்தான் தொண்டையில் இறங்கும்.

பிடியைக் கயிற்றால் கட்டியும் பார்த்தேன். கட்டிவிட்டுப் பின்னல் போடப் போனேன், அதற்குள் பாண் கருகிப் புகை மண்டிவிட்டது. நாங்கள் இருப்பது கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில், ஒரு மாடி வீட்டின் கீழே வாடகைக்கு விட்ட அனெக்ஸ். மேலேயிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கி வந்து, என் வீட்டைக் கொளுத்தப் போகிறாயா மகளே என்று சிங்களத்தில் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்பாகக் கேட்டார். அன்றைக்கே கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

புதிதாக ஒன்று வாங்கித் தொலைக்கலாமே என்றால், வாங்கினேன். அதுதான் மூன்றாவது. முதலாவது ஏழு மாதம் ஓடியது. இரண்டாவது ஒரு வருடம் பிடித்தது, ஒரு பக்கம் மட்டும் சிவக்கும், மறு பக்கம் வெள்ளையாகவே இருக்கும். மூன்றும் ஒரே சாதி: வெள்ளைப் பிளாஸ்டிக், தூக்கினால் காலிப் பெட்டி போலக் கனமே இல்லை. ஒவ்வொரு தடவையும் கடையில் இருப்பதிலேயே மலிவானதைத்தான் எடுத்தேன். கையில் காசு இல்லாததால் அல்ல. நாங்கள் போகப் போகிறவர்கள், அதனால்.

என் வீட்டுக்காரர் கட்டாருக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. பெரிய களஞ்சியம் ஒன்றில் மேற்பார்வை வேலை. போகும்போது மகளுக்கு ஐந்து வயது. ஒரு வருடத்தில் ஃபேமிலி விசா எடுத்து எங்களையும் கூட்டிக்கொள்வதாகத்தான் பேச்சு. எங்கள் பக்கத்தில் ஆள் வெளிநாடு போன வீடுகள் பெரும்பாலும் ஒரு மாதிரித்தான் இருக்கும்: முதலில் டைல்ஸ் வரும், பிறகு மேல் மாடிக்குக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். எங்களுடையது வேறு வகை. நாங்கள் இங்கே எதையும் செய்வதில்லை. இங்கே செய்கிறதெல்லாம் வீண், அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்பது அவருடைய கட்சி. அது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

எட்டு வருடமாக வீட்டில் அலுமாரி கிடையாது. உடுப்பெல்லாம் இரண்டு பெரிய சூட்கேசுகளில். உட்காருவதற்குப் பிளாஸ்டிக் கதிரை நான்கு, ஒன்றின் கால் வெடித்து மூன்று. ஜன்னல் திரையைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தேன். எதையாவது நல்லதாக வாங்கலாமா என்று கேட்டால் ஃபோனில் ஒரே பதில் வரும்.

"இப்ப எதுக்குப் புள்ள? அடுத்த வருசம் வரப் போறீங்கதானே. விட்டுட்டு வர்ற சாமானுக்கு எதுக்குச் செலவு."

இந்த வியாதி எனக்குப் புதிதல்ல. நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். என் அப்பா இந்தியாவுக்குப் போகக் காகிதம் எழுதிப் போட்டவர். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு ஏற்றிப் போன கப்பல் நின்றுபோன பிறகும் அவர் போகிற நினைப்பை விடவில்லை. லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் போடுங்கள் என்று அம்மா கேட்டால், விட்டுட்டுப் போகிற வீட்டுக்கு எதுக்கு என்பார். இரவில் ஒரு பலகைக் கட்டையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுப்போம். அப்பா அந்தத் தோட்டத்திலேயே இறந்தார், அந்தக் கட்டை அப்போதும் கதவுக்குப் பின்னால் இருந்தது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான் கொஞ்சம் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை.

மூன்றாவது டோஸ்டரைச் சரிபண்ண முடியுமா என்று பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமை மாத்தளை பஸ் ஏறி அக்குறணையில் இறங்கினேன். மின்சாரச் சாமான் பழுது பார்க்கும் கடை ஒன்றை அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவள் சொல்லியிருந்தாள். சின்னக் கடை. மழைக்குத் தெருவில் தண்ணீர் ஏறும் ஊர் என்பதால் சாமானெல்லாம் இடுப்புக்கு மேலேதான் அடுக்கியிருந்தது. கடைக்காரர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல நானா என்று கூப்பிடலாம். தலையில் வெள்ளைத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. என் டோஸ்டரை வாங்கி நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. நேரே தலைகீழாகத் திருப்பினார்.

"ஸ்குரூ ஆணி எங்க ஈக்கி, தங்கச்சி? காட்டுங்க பாக்க."

நானும் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. நாலு மூலையிலும் ஆணியை அறைந்து மழுக்கிவிட்டிருந்தது.

"இத ஒடச்சித்தான் தொறக்க ஏலும். தொறந்தா திரும்ப மூட ஏலா. உள்ளுக்குச் சின்னக் காந்தம் ஒண்டு ஈக்கி, அதுதான் பிடியப் புடிச்சி வெச்சீக்கிற. அது போயிட்டு. எனக்கு நோவு தெரியும், மருந்தும் தெரியும், ஆனா வயித்தத் தொறக்க வழி இல்ல."

"அப்ப இத என்னா நானா செய்யிறது?"

"வீசுங்க."

அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு ரோசம் வந்துவிட்டது. அப்படியானால் நல்லது எது என்று காட்டுங்கள், வாங்கிக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் உடனே எழுந்திருக்கவில்லை. என் டோஸ்டரின் வயரைச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, ஒழுங்காக என் பக்கம் தள்ளிவைத்தார். அதன் பிறகுதான் மேல் தட்டிலிருந்து ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினார். மேசை கிர்ரென்றது.

இன்றைக்கு அது எங்கள் குசினியில் இருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறது என்பதால், அதைப் பற்றி நிதானமாகச் சொல்ல முடியும். மூடிவிட்ட ஒரு விருந்தினர் விடுதியிலிருந்து வந்தது. உடம்பு முழுக்க எவர்சில்வர், விளிம்பில் இரண்டு நசுங்கல். நாலு துண்டு ஒரே நேரத்தில் போகும். அடியில் ஆறு ஸ்குரூ ஆணி. அவற்றைக் கழற்றினால் சூடாகும் கம்பி சுற்றிய தகடுகள் தனித்தனியாக வெளியே வரும், ஒன்று எரிந்தால் அதை மட்டும் மாற்றலாம். காந்தம் இல்லை, பட்டன் இல்லை, விளக்கு இல்லை. முன்னால் ஒரு குமிழ். அதைத் திருகிவிட்டால் மணிக்கூடு போல டிக் டிக் என்று ஓடி, நேரம் முடிந்ததும் தானாகவே கரண்டை நிறுத்திவிடும். பாண் துள்ளி மேலே வராது, நாமாகத்தான் தூக்க வேண்டும், அதுவரைக்கும் உள்ளேயே சூடாக இருக்கும். குறையும் உண்டு. முதல் தரம் சூடேற நேரம் எடுக்கும். தூள் விழும் தட்டைக் கழுவப் போனால் விரலைக் கிழிக்கும். பாரம் ஆறு கிலோவுக்கு மேல். ஆனால் திருகிவிட்டு இரண்டு கையையும் வீசிக்கொண்டு போகலாம். அன்றைக்கு அந்தக் கடையில் எனக்கு அது மட்டும்தான் கண்ணில் பட்டது.

கையால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"எத்தின வருசத்துக்கு வேணும்?"

இப்படி ஒரு கேள்வியைக் கடையில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எத்தனை வோட்ஸ் என்று கேட்பார்கள், என்ன நிறம் என்று கேட்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"தற்காலிகமாத்தான். நாங்க அடுத்த வருசம் வெளிநாடு போறோம். அவரு கட்டார்ல இருக்காரு."

"அப்ப இது வாணாம்."

"ஏன்?"

"கோவிக்க வாணாம், தங்கச்சி. இது நான் கழட்டிப் பூட்டி, தகடு மாத்தி, என்ட கையால செஞ்சது. போற ஆக்களுக்கு நான் இத குடுக்கிற இல்ல. ஆறு மாசத்தில தூக்கிக்கொண்டு வந்து, நானா இத திரும்ப எடுங்கண்டு நிப்பாங்க. இல்லாட்டி வீட்டோட போட்டுட்டுப் போவாங்க. இருக்கிற ஆக்களுக்குத்தான் இது. ஒரு வருசம் எண்டா இந்தா, இத எடுங்க."

அவர் எடுத்து நீட்டியது வெள்ளைப் பிளாஸ்டிக். என் மூன்றாவதோடு கூடப் பிறந்தது.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. காசு கொடுக்க வந்தவளிடம் உனக்கு இது இல்லை என்று சொல்ல இவர் யார் என்று இருந்தது. ஆனால் இருக்கிறோம் என்றும் சொல்ல முடியவில்லை, போகிறோம் என்று இரண்டாம் தரம் சொல்லவும் நாக்கு வரவில்லை. அடுத்த வருடம் என்று எட்டு வருடமாகச் சொல்கிறேன் என்பது அந்தக் கடை வாசலில் நின்றபோதுதான் எனக்கே உறைத்தது.

"வீட்டுல ஒருக்காக் கேட்டுட்டு வாங்க. நான் யாருக்கும் குடுக்க மாட்டன்," என்றார் அவர். பழைய டோஸ்டரைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு, எனக்கு இடம் கிடைக்காத ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்தேன்.

அடுத்த வாரம் முழுவதும் பெருவிரலால் பிடியை அமுக்கிக்கொண்டு மனதுக்குள் சண்டை பிடித்தேன். இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவு. வீட்டுக்காரர் இப்ப எதுக்கு என்பார், நான் எட்டு வருசமா இதைத்தான் சொல்றீங்க என்பேன். அவர் விசா என்பார், நான் விசா வரும்போது வரட்டும், காலையில் என் கையை விடுங்கள் என்பேன். ஒவ்வொரு பாண் துண்டுக்கும் ஒரு வசனம் தயாராகியது. எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அந்த வெள்ளி எங்களுக்கும் போயா, பௌர்ணமி விடுமுறை என்பதால் நானும் மகளும் வீட்டில் இருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோ கோல் எடுத்தார். மகள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஃபோனை என்னிடம் கொடுத்து, அதே அறையில் கட்டிலில் உட்கார்ந்து பள்ளியில் கொடுத்த சமூகக் கல்வி ஒப்படைக்குப் படம் வெட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் அறை ஒன்றுதான், அவளுக்குப் போக வேறு இடமும் இல்லை.

நான் டோஸ்டர் கதையைத் தொடங்கினேன். கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன், அவருக்கும் கொஞ்சம் குத்தட்டும் என்று. அவர் சிரிக்கவில்லை. 

"கம்பி எரிஞ்சா மாத்தலாமா?" என்று கேட்டார்.

"மாத்தலாம். தகடு தகடாக் கழண்டு வருது."

"அந்த மணி? டைமரு?"

"அதுவும் தனியாக் கழண்டு வரும். அவருகிட்டயே பழைய சாமான் இருக்காம்."

"அப்ப நல்ல சாமான்தான். இருவது வருசம் வரும்போல. வாங்கு."

தயாராக வைத்திருந்த வசனமெல்லாம் கையில் அப்படியே இருந்தது. சண்டைக்குப் போன இடத்தில் ஆள் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றால் எப்படி இருக்கும். சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவரைச் சீண்டவாவது செய்யலாம் என்று நானே அவருடைய பக்கத்தை எடுத்துப் பேசினேன்.

"ஆறு கிலோவுக்கு மேலங்க. அங்க எப்பிடித் தூக்கிட்டு வர்றது?"

அவர் ஃபோனை மேசையில் சாய்த்து வைத்தார் போலும், அவருடைய முகம் போய் அறையின் கூரை மட்டும் தெரிந்தது. மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. 

"தூக்க வேணாம்," என்றது அவருடைய குரல்.

"என்னா சொல்றீங்க?"

"என் கிரேடுக்கு ஃபேமிலி விசா இல்லன்னு கம்பெனியில எழுதியே குடுத்துட்டாங்க. இனிமே கிரேடு ஏறாதாம். வயசு போயிருச்சு."

"எப்ப குடுத்தாங்க?"

"போன வருசம். தைப்பொங்கல் முடிஞ்சு ஒரு கெழமையில."

போன வருடம் மாசியில்தான் நான் மூன்றாவது டோஸ்டரை வாங்கினேன். அன்றைக்கும் ஃபோனில் கேட்டேன். சின்னதாப் பாத்து வாங்கு புள்ள, வரப் போறீங்கதானே என்றார். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா நீ திரும்பி வாங்கம்ப. இங்க வேலைக் கொந்திராத்து முடிய இன்னும் மூணு வருசம் இருக்கு. நடுவுல விட்டுட்டு வந்தா கைக்கு ஒண்ணும் வராது. வரவும் ஏலாம, கூப்புடவும் ஏலாம, நான் என்னத்தச் சொல்ல."

எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த நேரத்தில் முன்னால் இருந்திருந்தால் கையில் அகப்பட்டதை வீசியிருப்பேன். கூடவே அழுகையும் வந்தது. அந்த மனிதர் வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்து சிரிப்பதற்கு எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்ற நினைப்பும் அதோடு சேர்ந்து வந்தது. இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகள் இருக்கிறாள் என்பதால் எதையும் செய்யாமல், சரி, நாளைக்குப் பேசலாம் என்று ஃபோனை வைத்தேன்.

அறையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னவோ சமாதானம் சொல்ல வேண்டும் என்று அவளிடம் போய் உட்கார்ந்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஐந்து வயதிலிருந்து அப்பாவிடம் போகப் போகிறாய் என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தவள் நான். பின்னல் கோணல் என்றால் அங்கே போனால் சரியாகிவிடும், சிங்களப் பாடத்தில் குறைவா, அங்கே அது தேவைப்படாது. அவளுக்கும் அப்படித்தான் பழகியிருந்தது. பக்கத்து அனெக்ஸ் பிள்ளையோடு சண்டை போட்டால்கூடச் சமாதானம் ஆகமாட்டாள், எப்படியும் போகப் போகிறோம் என்பாள்.

அவள் அழவில்லை. வெட்டிய படத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மா, அப்ப நம்ம போகலயா? நிச்சயமா?"

"போகல."

"அப்ப நான் ஸ்கூல் நெட்போல் டீம்ல சேரட்டா?"

எனக்கு விளங்கவில்லை. நெட்போலா என்றேன்.

"மூணு வருசமா டீச்சர் கேக்குறாங்க. ஒயரமா இருக்கேன்னு. டீம்ல சேந்தா இடையில விட ஏலாதாம். நம்ம போகப் போறோம்னு நான்தான் ஒவ்வொரு வருசமும் வேணாம்னு சொன்னேன்."

அவள் குரலில் சோகம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சந்தோசம்தான் இருந்தது. அதை என்னிடம் காட்டக்கூடாதே என்று உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தாள்.